சாப்பாட்டு மேசைக்கு எந்த நாற்காலி? கண்ணுக்கா, முதுகுக்கா?

கேள்வி, புளியரையிலிருந்து ஒரு வாசகர்:

"புது வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை வந்துவிட்டது, நாற்காலி வரவில்லை. புனலூர்ப் பக்கம் ஒரு கடையில் தேக்கு நாற்காலி பார்த்தோம். நெட்டை முதுகு, உச்சியில் தாமரை செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று 7,500 ரூபாய். வீட்டில் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. அழகு பார்த்தால் வசதி போகும், வசதி பார்த்தால் அழகு போகும் என்கிறார் மச்சான். நிஜமா? தயவுசெய்து பிளாஸ்டிக் மட்டும் சொல்லாதீர்கள், பார்க்கவே கண்றாவி."

பிப்ரவரி 3

கடைசி வரியை நான் மறக்கமாட்டேன் அண்ணாச்சி. செங்கோட்டையில் பந்தலும் பாத்திரமும் சேரும் வாடகைக்கு விடுகிறவன் நான். கிடங்கில் 640 கண்றாவி அடுக்கி வைத்திருக்கிறேன். அதை அப்புறம் பார்ப்போம்.

முதலில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குத் திரும்பப் போங்கள். தரையிலிருந்து உட்காரும் பலகை வரைக்கும் அளங்கள். கடையில் விற்கிற சாப்பாட்டு நாற்காலி பெரும்பாலும் 17 முதல் 18 அங்குலம். மேசை 29, 30. இரண்டுக்கும் நடுவே 11, 12 அங்குலம் இருந்தால் தொடைக்கும் இடம் கிடைக்கும், கை தட்டுக்கும் எட்டும். அதற்குப் பிறகு அம்மாவை வெறுங்காலோடு சுவரோரம் நிற்கவைத்து, தரையிலிருந்து முழங்காலுக்குப் பின்மடிப்பு வரை அளங்கள். என் அம்மாவுக்கு 15 அங்குலம்தான். 18 அங்குல நாற்காலியில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கால் தொங்கும், பலகையின் முன்விளிம்பு தொடைக்கடியில் அழுத்தி அரை மணி நேரத்தில் மரத்துப்போகும். செருப்புக்கு ஆறாம் நம்பர் ஏழாம் நம்பர் பார்க்கிறோம், நாற்காலியை மட்டும் ஊருக்கெல்லாம் ஒரே அளவில் வாங்குகிறோம். 1994-ல் அமெரிக்காவில் வந்த ஏரோன் என்ற ஆபீஸ் நாற்காலியை ஏ, பி, சி என்று மூன்று அளவில் போட்டார்கள். விலையைக் கேட்டால் நின்றுகொண்டே வேலை பார்க்கலாம் என்று தோன்றும், அது வேறு.

பிப்ரவரி 3, ராத்திரி

அளவெல்லாம் சொல்லிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டேன். நாற்காலியில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள். எழுந்து பார்க்கிறவர் யாரும் இல்லை.

இது எனக்குப் புரிந்தது கல்யாண சோபாவில். மணமக்களுக்கென்று வாடகைக்கு விடுகிறோமே, தங்கக் கலர் பெயின்ட், சிவப்பு வெல்வெட், முதுகில் மயில். 2011-ல் கடன் வாங்கி ஒன்று வாங்கினேன். பஞ்சு நல்ல மெத்தென்று ஒரு சாண் அமுங்கும். முதல் கல்யாணத்திலேயே பெண் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். 400 பேர் பரிசு கொடுக்க வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் எழுந்து நிற்கவேண்டும், பட்டுச்சேலையில் பள்ளத்திலிருந்து எழ முடியவில்லை, மாப்பிள்ளை கையைப் பிடித்துத் தூக்கித் தூக்கி அவருக்கும் தோள் போய்விட்டது. "அண்ணாச்சி, ஒரு ஸ்டூல் இருந்தால் கொடுங்களேன்" என்றாள். பந்தல் பலகை ஒன்றை அறுத்து மெத்தைக்கடியில் சொருகினேன். அன்றிலிருந்து அந்தப் பலகை அங்கேயேதான் இருக்கிறது. போட்டோவில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

பலகை போட்டும் பாதிதான் சரியானது. சோபாவின் முன்பக்கம் தரை வரைக்கும் மூடியிருக்கிறது. நீங்களே இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து பாருங்கள். முதலில் பாதம் இரண்டும் பின்னால் போய் முழங்காலுக்கு உள்ளே வரும், தலை முன்னால் குனியும், அப்புறம்தான் உடம்பு கிளம்பும். பாதம் பின்னால் போக இடமில்லாவிட்டால் எத்தனை இளவட்டமும் தடுமாறும். அதனால் அம்மாவுக்கான நாற்காலியில் நான் பார்ப்பது மூன்று: பலகைக்கடியில் முன்பக்கம் காலியாக இருக்கிறதா, கை ஊன்ற இடம் இருக்கிறதா, அந்தக் கை பலகையின் முன்விளிம்பு வரைக்கும் வருகிறதா. பாதியில் நின்றுபோகும் கை பார்க்க ஒயிலாக இருக்கும், எழும்போது பிடிக்க ஒன்றும் கிடைக்காது.

பிப்ரவரி 5

தாமரை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

செதுக்கல் உச்சியில் இருந்தால் முதுகில் குத்தாது, நல்லது. நடுமுதுகில் இருந்தால் ஐந்தாவது இட்லியில் தெரியும். ஆனால் நெட்டை முதுகு சாப்பாட்டு மேசைக்குச் சரிவராது. நம் வீடுகளில் ஒருவர் நின்று பரிமாறுகிறார். 40 அங்குல முதுகு இருந்தால் சாம்பார் கரண்டியைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுவரவேண்டும், சொட்டு விழுவது தாமரையில்தான். அப்புறம் அந்த இதழிடுக்கில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் எடுக்கப் பழைய பல்துலக்கி வேண்டும். முதுகு தோள்பட்டைக்குக் கீழே நின்றால் போதும். நெட்டை நாற்காலியை வராந்தாவில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், தாமரையை எல்லாரும் பார்ப்பார்கள்.

பிப்ரவரி 9

இனி கண்றாவி விவகாரம்.

ஒரே துண்டாக வார்க்கிற பிளாஸ்டிக் நாற்காலியை 1972-ல் பிரான்சில் ஆன்ரி மசொன்னே என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பாலிப்ரொப்பிலீனைச் சுமார் 220 டிகிரியில் உருக்கி அச்சில் ஏற்றினால் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு நாற்காலி. ஆணி இல்லை, பசை இல்லை, ஆப்பு இல்லை. எடை இரண்டரைக் கிலோ. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரம் ஊர் அழகு கெடுகிறது என்று பொது இடங்களில் இதற்குத் தடை போட்டு, 2017-ல் தடையை எடுத்துவிட்டது. ஆக, உங்களுக்குத் துணை இருக்கிறது.

ஆனால் அதைப் புரட்டிப் பாருங்கள். பலகையில் ஒரு ஓட்டை இருக்கும், மழைத்தண்ணீர் வடிய. முதுகில் நடுவே விட்டிருக்கும் இடைவெளியில் விரல் நுழைத்து ஒரு கையில் நாலு தூக்குவான் என் பையன். கால் உள்ளே குழிவாக 'எல்' மாதிரி மடிந்திருப்பதால்தான் அத்தனை மெல்லிய பிளாஸ்டிக் ஆளைத் தாங்குகிறது, 25 ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்கிறது. இதையெல்லாம் அழகில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிழைப்பு அப்படிச் சொல்ல வைக்கிறது என்றால் அதுவும் சரிதான்.

குறையும் சொல்கிறேன். வழவழ டைல்ஸில் பின்னங்கால் அகன்று வழுக்கும். வெயிலில் கிடந்தால் நொய்ந்துபோகும், கையில் வெள்ளையாகப் பொடி ஒட்டினால் அதை விசேஷத்துக்கு அனுப்பக்கூடாது. சுண்ணாம்புப் பொடி அதிகம் கலந்த மலிவுச் சரக்கு சொல்லாமல் கொள்ளாமல் முறியும். கனத்த சித்தப்பா வந்தால் இரண்டைச் சேர்த்து அடுக்கிப் போடுவது நம் ஊர் தொழில்நுட்பம், எந்தப் பொறியாளரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. எடை குறைவு என்பது தூக்கும்போது வரம், ஆனி ஆடியில் சாபம். கணவாய்க் காற்று வந்தால் காலி நாற்காலி தெருவில் ஓடும், துரத்திப் பிடிக்க ஆள் வேண்டும்.

பறப்பதைவிடக் காணாமல் போவதுதான் அதிகம். முதுகின் பின்னால் நீலப் பெயின்டில் கடை எழுத்து எழுதித்தான் அனுப்புகிறேன். போன தையில் ஒரு பால்காய்ப்புக்கு 60 போய் 59 வந்தது. எண்ணிப்பார்த்தேன், மறுபடி எண்ணினேன், 59தான்.

பிப்ரவரி 9, கொஞ்சம் கழித்து

விட்டுப்போனது. அந்தக் கண்றாவியை மறைக்கத்தான் சாட்டின் உறை போட்டுப் பின்னால் பூ முடிச்சு கட்டுகிறார்கள். நாற்காலி வாடகையும் உறை வாடகையும் ஏறக்குறைய ஒன்று. சாட்டினில் பட்டுச்சேலை வழுக்குகிறது, முதுகு வேர்க்கிறது, கைவிடும் ஓட்டை மூடிப்போய் பையனால் தூக்க முடியவில்லை, மறுநாள் ரசக்கறை துவைக்கிறது நாங்கள். கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன், மறுப்பதில்லை.

பிப்ரவரி 14

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர், "அண்ணா, வாடகைக்காரருக்கு மரம் பிடிக்காதாக்கும்" என்று குத்தியிருக்கிறார். பிடிக்கும். பொறாமைகூட உண்டு. 1859-ல் தோனெட் என்ற கம்பெனி, பீச் மரத்தை ஆவியில் வளைத்து, மொத்தம் ஆறு துண்டு, பத்து திருகாணி என்று ஒரு நாற்காலி செய்தது. கழற்றி வைத்தால் ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலி. என் குட்டியானை வண்டியில் அப்படி ஏற்ற முடிந்தால் புளியரை செக்போஸ்டைத் தாண்டி ஆரியங்காவுக்கு இரண்டு நடை போகவேண்டியது ஒரு நடையில் முடியும். அதன் பலகை பிரம்புப் பின்னல். அழகுக்கு என்று நினைப்போம், காப்பிக்கடையில் சிந்தினால் வடிந்துவிடும், உட்கார்ந்தவருக்குக் காற்றும் போகும்.

அண்ணாச்சி, நம் சாரல் ஊருக்கு மெத்தை தைத்த நாற்காலியை விட்டுவிட்டுப் பிரம்பு கேட்டுப் பாருங்கள். மூன்று மாத ஈரத்தில் பஞ்சு நாறும். பிரம்பு தொய்ந்தால் நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கம் ஈரத்துணி போட்டு ஊறவிட்டு நிழலில் காயவைத்தால் திரும்ப இறுகும். அறுந்துபோனால் இது நடக்காது.

விலை கனத்தால் ரப்பர் மரமும் பார்க்கலாம். பால் வெட்டி 25, 30 வருஷத்தில் ஓய்ந்த மரத்தை அறுத்துச் செய்வது. வெளுத்த நிறம், பார்க்கச் சுத்தமாக இருக்கும். போரான் மருந்து ஏற்றிய பலகையா என்று கேட்காமல் வாங்கினால் உளுத்து மாவாகக் கொட்டும்.

மார்ச் 2

அம்மா நாற்காலியின் காலை வெட்டினேன். 18-ஐ 16 ஆக்கினேன். எப்படி வெட்டக்கூடாது என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு காலாக வெட்டினால் ஆடும், ஆடுகிற காலைத் தேய்த்தால் இன்னொன்று ஆடும், கடைசியில் மணை ஆகிவிடும். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. முக்காலி ஆடாது, மூன்று புள்ளி எந்தத் தரையிலும் பொருந்தும். ஃபிராங்க் லாயிட் ரைட் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930களில் ஜான்சன் வாக்ஸ் என்ற கம்பெனி அலுவலகத்துக்கு மூன்று கால் நாற்காலி வரைந்தார். ஆடவில்லை, ஆனால் ஓரமாகச் சாய்ந்தவர்களைக் கவிழ்த்தது, பிறகு நாலு கால் ஆக்கினார்கள்.

சரி, நான் செய்தது. நாற்காலியை வராந்தாவில் நிறுத்தி பலகையில் ரசமட்டம் வைத்தேன். குமிழ் ஓரமாகப் போனது. முன்னங்காலுக்கு அடியில் அட்டை கொடுத்துக் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு அங்குலக் கட்டை ஒன்றைத் தரையில் நகர்த்தி, அதன்மேல் பென்சில் வைத்து நாலு காலையும் சுற்றி வரைந்தேன். கோட்டில் அறுத்தேன். ஆடவே இல்லை. ஆசாரி பார்த்திருந்தால் கூலி கொடுத்திருப்பார்.

மார்ச் 4

ஆசாரி பார்த்துவிட்டார். சிரித்தார்.

வராந்தா தளம் மழைத்தண்ணீர் வாசலுக்கு ஓடச் சாய்த்துப் போட்டது. நான் ரசமட்டம் பார்த்தது வராந்தாவுக்குச் சரி, வீட்டுக்குள்ளே கொண்டுபோனால் முன்னங்கால் கால் அங்குலம் நெட்டை, பலகை பின்னால் சாய்கிறது. அண்ணாந்து உட்கார்கிற மாதிரி. இரண்டு நாளாக அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன். "உட்கார நல்லாத்தான் இருக்கு, எழுந்திருக்கத்தான் உங்க அப்பா வரணும்" என்றாள். அப்பா போய் ஒன்பது வருஷம்.

என் பழைய ஹவாய் செருப்பில் தேய்ந்த குதிகால் பக்கம் கால் அங்குலக் கனம்தான் இருந்தது. வெட்டிப் பின்னங்கால் இரண்டிலும் ஒட்டினேன். மட்டம் வந்தது. டைல்ஸில் இழுத்தால் கிரீச் சத்தமும் போனது, அது எதிர்பாராதது.

மார்ச் 4, பின்னும் ஒன்று

இதே வேகத்தில் யாரும் ஆறு நாற்காலியையும் வெட்டிவிடாதீர்கள். இரண்டு அங்குலம் இறங்கியதில் அம்மாவுக்கு மேசை நெஞ்சுக்கு வருகிறது. இலையில் சாப்பிடுகிற மாதிரி குனியத் தேவையில்லை என்று சமாளிக்கிறாள். சாப்பாட்டு நாற்காலி என்றால் வெட்டாமல் காலுக்கடியில் பழைய மணையைப் போடலாம். எழும்போது அதைத் தள்ளிவிடவேண்டும், அது ஒரு தொல்லை. மேசையும் நாற்காலியும் சேர்த்து இறக்கினால் எல்லாம் சரி, மருமகள் ஒத்துக்கொண்டால்.

மார்ச் 20

மருத்துவம் படித்த ஒருவர் "90 டிகிரியில் நிமிர்ந்து உட்காரவேண்டும்" என்று எழுதியிருந்தார். நான் உடனே, 1960களில் ஸ்வீடனில் நாச்செம்சன் என்ற எலும்பு மருத்துவர் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டில் ஊசி செலுத்தி அழுத்தம் அளந்தார், சாயாமல் உட்கார்ந்தால் நிற்பதைவிட அழுத்தம் அதிகம், பின்னால் சாய்ந்தால் குறைகிறது, அதனால் முதுகு 100 முதல் 110 டிகிரிக்குச் சாய்ந்திருக்கட்டும் என்று பதில் போட்டேன். இப்போது இன்னொருவர் திருத்துகிறார். 1999-ல் ஜெர்மனியில் வில்கே குழு புதுக் கருவியோடு அளந்தபோது, உட்கார்ந்த அழுத்தம் நிற்பதைவிட அதிகமாக இல்லையாம், சரிந்து கிடந்தபோது இன்னும் குறைவாம். அளந்தது ஒரே ஓர் ஆளிடம். ஆக முதல் பாதியை வாபஸ் வாங்குகிறேன். சாய்வு இருக்கட்டும் என்பதை வாங்கவில்லை, பந்தலில் இரண்டாவது மணி நேரத்தில் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதரையும் நான் பார்த்ததில்லை. போலீஸ்காரர்களைத் தவிர.

ஏப்ரல் 11

இதை எழுதுவது தாத்தாவின் சாருகசேரயிலிருந்து, மலையாளத்தில் ஈசிசேர். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் ஊர் மலைக்கு அந்தப்பக்கத்து அரசாங்கத்தில் இருந்தது, தாத்தா வாயில் கடைசி வரை ஈசிசேர் வரவில்லை. தென்மலைப் பக்கம் ஏதோ தோட்டத்துப் பங்களாவைக் காலி செய்தபோது வாங்கியது. ஈட்டி மரம், பிரம்புப் பின்னல், இரண்டு கையிலும் அடியிலிருந்து சுழன்று வெளியே நீளும் பலகை. துரைமார் பூட்ஸ் காலைத் தூக்கி அதன்மேல் போட்டுக் கழற்றச் சொல்வார்களாம். எங்கள் வீட்டில் அதில் முளகும் வற்றலும் காய்ந்ததுதான் அதிகம். பாதி வராந்தாவை அடைக்கிறது, விற்றுவிடலாம் என்று பல தடவை சொன்னவன் நான். இந்த இழையிலேயே அதைத் திட்டி எழுதி வைத்திருந்தேன், போடவில்லை.

போன வாரம் லாரியிலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிசகி மாவுக்கட்டு. கட்டிலில் முதுகு வலித்தது. இதில் படுத்துக் காலை நீட்டுப் பலகையில் தூக்கி வைத்தேன் பாருங்கள், இரண்டு மணி நேரம் வீக்கம் ஞாபகமே இல்லை. வெள்ளைக்காரன் மேலும் தாத்தா மேலும் இருந்த கோபமெல்லாம் போயிற்று.

அப்புறம் எழவேண்டியிருந்தது. கால் மேலே, இடுப்பு பள்ளத்தில், இரண்டு பக்கமும் பலகை வேலி மாதிரி. எழுந்து பார்த்து வாங்குங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்தவன் பையனைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். அவன் காதில் பாட்டுக்குழாய். கடைசியில் அம்மா வந்து பலகையை ஒவ்வொன்றாக உள்ளே சுழற்றிவிட்டாள். "அதுக்குத்தான் அது சுத்துது" என்றாள்.

ஏப்ரல் 13

சண்டிகர் நாற்காலி பற்றி யாரோ கேட்டீர்கள். பியர் ஜானரே என்ற கட்டடக் கலைஞர் 1950களில் அங்குள்ள அரசு அலுவலகங்களுக்காக வடிவமைத்த தேக்கும் பிரம்பும், காலைத் தலைகீழ் 'வி' மாதிரி வைத்தது. பழசானதும் மொட்டை மாடியில் குவித்துக் கழிவாக விற்றார்கள், வெளிநாட்டு ஏலத்தில் லட்சங்களுக்குப் போனது. கிடங்கில் உடைந்த என் 40 நாற்காலியை இனி தூக்கிப்போடுவதாக இல்லை.

மே 26

புளியரை அண்ணாச்சி ஆறு நாற்காலியும் வந்துவிட்டது என்று சொன்னார். அந்தப் பக்கம் ஒரு சடங்கு வீட்டுக்குப் பாத்திரம் இறக்கப் போனவன் அப்படியே எட்டிப்பார்த்தேன். நல்ல வேலை. முதுகு தோளுக்குக் கீழே நிற்கிறது, தாமரை சின்னதாகி அங்கேயே வந்துவிட்டது, யாருக்கும் வருத்தமில்லை. ஆசாரியிடம் சொல்லி முன்னங்கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் வேண்டாம் என்று பக்கச் சட்டங்களை மட்டும் நடுவில் இணைத்திருக்கிறார், பாதம் தாராளமாகப் பின்னால் போகும். துளை போட்டு, கழுந்து ஏற்றி, ஆப்பு அடித்த வேலை. பின்னங்காலும் பக்கச் சட்டமும் சேருகிற மூட்டைக் கையால் அசைத்துப் பார்த்தேன், பையன்கள் பின்னால் சாய்ந்து ஆடினால் முதலில் விடுவது அதுதான். அசையவில்லை. அம்மாவுக்கென்று ஒன்று மட்டும் 16 அங்குலம், முன்விளிம்பு வரை கை.

உட்கார்ந்து பார்க்கத்தான் முடியவில்லை. ஆறுக்கும் கடையில் சுற்றிய பாலிதீன் அப்படியே இருக்கிறது. மகள் நிச்சயதார்த்தம் ஆவணியில், அதுவரைக்கும் பிரிக்கக்கூடாது என்று வீட்டம்மா உத்தரவு. அம்மா தரையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அண்ணாச்சி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் சேர் கொண்டுவந்து போட்டார். உட்காருமுன் வழக்கப்படி திருப்பிப் பார்த்தேன். முதுகின் பின்னால் நீலப் பெயின்டில் என் கடை எழுத்து.